கை வைக்காத போட்டோ

அத விடு, நீ குனியாத. தகரக் கிண்ணந்தானே, உடையாது. தரையில கொட்டுன சாயம் காஞ்சதும் நானே சுரண்டிக்குவேன். வயசாச்சும்மா, கை நடுங்குது. நீ வாசல்ல வந்து நின்ன நேரத்துக்குத்தான் அது விழணும்னு இருந்திருக்கு. உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காரு. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காரு, வெளிச்சம் உன் மேல பட்டு என் கண்ணக் கூசுது.

என்னது, சீட்டா? குடு. என் கண்ணாடி எங்க... நெத்தியிலதான் இருக்கு. ஆமா, நம்ம ஸ்டுடியோ சீட்டுதான். நாலாயிரத்து எழுநூத்திப் பன்னெண்டு. தாயும் பிள்ளையும், ஒரு படம். எழுத்து என்னோடது. நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தினது, மை கூட மங்கல பாரு. எங்க கெடச்சுச்சு? ஓ. அப்பா பெட்டியிலயா. எப்பப் போனாரு? போன மாசமா. எனக்கு யாரும் சொல்லல. சொல்லணும்னு யாருக்குத் தோணப் போகுது.

தியேட்டர்ல படம் ஓட்டுவாரே, ஆபரேட்டரு, அவர் மகதானே நீ? தெரியும். எப்படியோ தெரியும், விடு. சீட்ட அவன் கிழிச்சும் போடல, படத்த வாங்கவும் வரல. அதான் அவன். அவன்னு சொல்லிட்டேனா? பழைய பழக்கம், மனசுல வெச்சுக்காத.

தேடலாம், தேடலாம். பின்னாடி ரூம்ல முப்பத்தாறு தகரப் பெட்டி, அம்புட்டும் நெகட்டிவ். நம்பர் போட்டு அடுக்கினது நாந்தான். நாப்பத்தஞ்சு வருஷம் கெடந்தது ஒரு அஞ்சு நிமிஷத்துல ஓடிப்போயிடாது. இந்தப் படத்து இமைய வரைஞ்சு முடிச்சுக்கிறேன், நாளைக்கு ஒரு சாவு வீட்டுக்குக் குடுக்கணும். இப்பல்லாம் இந்த வேலதான் வருது. பழைய போட்டோல பூஞ்சை புடிச்சதச் சரி பண்றது.

அந்தத் துணியில என்ன சுத்தி வெச்சிருக்க? பிரி. ம். வீட்டுச் சுவத்துல தொங்குன படம். உங்கம்மாவா. ரொம்ப அழகா இருக்காங்கல்ல? மூக்கும் முழியுமா. உன்ன எல்லாரும் கேட்டிருப்பாங்களே, உங்கம்மா இப்பேர்ப்பட்ட அழகி, நீ மட்டும் ஏன் இப்படின்னு. கேட்டாங்களா? கேக்காம இருப்பாங்களா. பள்ளிக்கூடத்துலயே ஆரம்பிச்சிருக்கும். கல்யாணத்துக்கு வந்தவங்களும் படத்தப் பாத்துட்டு உன்னப் பாத்திருப்பாங்க. பாவம்தான்.

நீ நடிகை மகராசி படம் பாத்திருக்கியா? ஞாயித்துக்கிழம மத்தியானம் டிவியில போடுவான்ல, அவதான். தாடையில இடது பக்கம் மச்சம். புருவம் நடுவுல ஒரு வளைவு. பேசறதுக்கு முன்னாடி கழுத்த இந்தப் பக்கமாச் சாய்ச்சு, கீழ் இமைய மட்டும் கொஞ்சமாத் தூக்குவா. அதுலயே தியேட்டர்ல பாதிப் பேரு அழுதுருவாங்க. பிஸ்கட் டப்பாவுல அவ, காலண்டர்ல அவ, சோப்பு உறையில அவ. பள்ளிக்கூடத்துல ஒரே வகுப்புல ஏழு மகராசி, டீச்சர் நம்பர் போட்டுக் கூப்புடுவாங்க. பொண்ணுங்க கண்மைய எடுத்துத் தாடையில வெச்சுக்கிட்டு வெயில்ல நடந்து போயி, அது கழுத்து வரைக்கும் வழிஞ்சு நிக்கும். அவ செத்து இருபது வருஷமாச்சு. போன வாரம் ஒரு காலேஜ் பொண்ணு வந்தா, ஆன்ட்டி ஒரு போட்டோன்னு போன நீட்டிக்கிட்டு. கழுத்தச் சாய்ச்சா பாரு, அப்படியே மகராசி. யாரு கழுத்து தெரியுமாடின்னு கேட்டேன். என் கழுத்துதான்னு சொல்றா. அவ அம்மா சாய்ச்சா, அம்மாவப் பாத்து இவ சாய்க்கிறா. யாரு ஆரம்பிச்சதுன்னே தெரியாது.

அப்ப இந்த ஊர்ல ஸ்டுடியோன்னா எங்க அப்பாவோடது ஒண்ணுதான். வர்றவ ஒவ்வொருத்தியும் கேப்பா. வாய் விட்டுக் கேக்க மாட்டா. கொஞ்சம் நல்லா வர்ற மாதிரின்னு இழுப்பா. அப்பா என்னப் பாத்துத் தலைய ஆட்டுவாரு. நெகட்டிவ் என் மேசைக்கு வந்துரும். டச்சப் பண்றது நாந்தான், பதினாறு வயசுல இருந்து.

பாரு, இந்தச் சாய்வுப் பெட்டி. நடுவுல கண்ணாடி, கீழ இருந்து வெளிச்சம். நெகட்டிவ இது மேல தலைகீழா வெக்கணும். நேரா வெச்சா மூஞ்சி தெரியும், மூஞ்சி தெரிஞ்சா மனசு எளகும்னு அப்பா சொல்லுவாரு. நெகட்டிவ்ல எல்லாமே மாத்தித்தான். பென்சில் தடவுனா படத்துல வெளுக்கும், கத்தியால சுரண்டுனா கறுக்கும். மூக்கு தட்டையா இருந்தா நடுவுல ஒரு பென்சில் கோடு, ரெண்டு பக்கமும் லேசா ஒரு சுரண்டல், கூரா வந்துரும். புருவத்துக்குக் கத்தி. மச்சத்துக்குக் கத்தி முனை, ஒரே குத்து. அந்த ஒரு குத்துல மளிகைக்கடைக்காரன் பொண்டாட்டி மகராசி ஆயிடுவா.

ஒரு தடவ பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்து ஒரு ஆளே வந்துட்டான். அறுபது போட்டோவ மேசையில பரப்பிட்டு, இது ஊரா இல்ல ஒரே குடும்பமான்னு கேட்டான். எல்லார் தாடையிலயும் மச்சம். எங்கப்பா அசராம, இந்த ஊர்த் தண்ணி அப்படி சார்னு சொல்லி அனுப்பிட்டாரு.

சிரிக்காத, இன்னும் கேளு. மகராசி செத்ததும் பஸ் ஸ்டாண்டு முன்னாடி செல வெச்சாங்கல்ல? செய்ய வந்த ஆளுக்கு மாதிரிக்கு ஒரு போட்டோ வேணும்னான். நான் பெட்டியில கையவிட்டு ஒண்ண எடுத்துக் குடுத்தேன். அது பேக்கரிக்காரர் சம்சாரம். இன்னிக்கும் பஸ்ஸு ஏறப் போற சனம் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போகுது. அந்தம்மா உசுரோட இருந்தவரைக்கும் அவங்க கடை முன்னாடிதான் ரொட்டி வாங்கக் கூட்டம் நிக்கும், அவங்க மூஞ்சிய ஒருத்தன் திரும்பிப் பாத்ததில்ல.

அப்ப உனக்கு இப்பப் புரியுது. ஆமா. உங்கம்மா படமும் அதான். சுவத்துல இருந்தது உங்கம்மா இல்ல, மகராசி. உங்கம்மா காது ரெண்டும் இருக்கு. காதுல நான் எப்பவும் கை வைக்கிறதில்ல. மிச்சமெல்லாம் என் வேல.

அழுவாத. அழுதா படம் நனையும், ஏற்கெனவே கன்னத்துல ஈரம் ஏறிக் கெடக்கு. பொறந்த நாளுக்கெல்லாம் இதுகிட்டப் பேசுவியா? பரீட்ச மார்க்கெல்லாம் சொல்லுவியா? ம். ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் பேசிக்கிட்டு இருக்கான். செத்தவங்க படம்னு சுவத்துல மாட்டியிருக்கான், பூராவும் ஒருத்தியே. உனக்கு மட்டும் நடந்த அநியாயம்னு நெனச்சுக்காத.

இல்ல, இதுக்கு ஒரு கதை இருக்கு. எல்லார் படத்துக்கும் நான் அரை நாள்தான் குடுப்பேன். இதுக்கு நாலு நாள் ஆச்சு. என் கையில இதுக்கு முன்னாடியும் சரி, அப்புறமும் சரி, இப்படி ஒண்ணு வரல.

உங்கப்பா இங்க தினம் வருவான். தியேட்டர்ல இடைவேளைக்கு விளம்பர ஸ்லைடு கண்ணாடி போடுவாங்கல்ல, துணிக்கடை, நகைக்கடைன்னு, அதெல்லாம் எழுதிக் குடுக்கிறது நாந்தான். வாங்க வர்றேன்னு வந்து, இதோ நீ உக்காந்திருக்கியே, இதே எடத்துல ஒரு மணி நேரம் உக்காருவான். மகராசி படம் ஒண்ண எழுபத்திரெண்டு தடவ ஓட்டுனவன். எந்த ரீல்ல எந்த எடத்துல அவ கண்ணச் சிமிட்டுவான்னு சொல்லுவான். நான் கேட்டுக்கிட்டே பென்சில சீவுவேன். ரெண்டு வருஷம். எங்கப்பா ஒரு நாளு வெக்கத்த விட்டுக் கேட்டாரு. என் பொண்ணப் பத்தி என்ன நெனைக்கிறீங்க தம்பின்னு. அவன் என்னப் பாத்தான். முழுசாப் பாத்தான், அன்னிக்குத்தான் மொத தடவ. அப்புறம் சொன்னான், கைதான் சார் அழகு, மத்தபடி எனக்கு மகராசி சாடையில யாராவது இருந்தாச் சொல்லுங்கன்னு. நான் இந்தத் திரைக்குப் பின்னாடிதான் நின்னேன். இதே திரைதான். மாத்தவே இல்ல.

அடுத்த மாசம் தரகர் ஒரு பொண்ணக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல வந்த களைப்பு. கூட அவ அப்பா. ஆபரேட்டருக்குக் காட்ட ஒரு போட்டோ வேணும்னாரு. வாயில்லாப் பூச்சி. போட்டோ புடிக்கிறப்போ பயந்துபோயி விறைச்சுக்கிட்டா. அதுக்கெல்லாம் எங்ககிட்ட ஒரு வழி உண்டு. பிலிம் போடாம மொதல்ல ஒரு தடவ லைட்ட அடிச்சிருவோம். முடிஞ்சுதுன்னு நெனச்சு ஆளு தளர்ந்து உக்காரும்ல, அப்பப் பிலிம மாட்டி நெசமா எடுப்போம். காலி லைட்டுன்னு சொல்லுவோம். எல்லா ஸ்டுடியோலயும் நடக்கிறதுதான். உங்கம்மாவுக்கும் ஒரு காலி லைட்டு, அப்புறம் நெசம். நெகட்டிவ் என் மேசைக்கு வந்துச்சு.

நாலு நாள். அவன் சொன்ன ரீல் எல்லாம் எனக்கு மனப்பாடம். கீழ் இமை எம்புட்டுத் தூக்கணும்னு எனக்குத் தெரியும். அவனுக்காகவே செஞ்ச மூஞ்சி அது. படம் கைக்குப் போன மறுநாளே சரின்னுட்டான். மூணு காட்சி ஓட்டணும், மாத்து ஆளு கெடையாது, அதனால பொண்ணப் பாக்கக்கூடப் போகல. கல்யாணத்தன்னிக்குத்தான் பாத்தான்.

கல்யாணப் படம் நாங்கதான் எடுத்தோம். அதுல நான் கை வைக்கல. ஒரு புள்ளி கூட. ஆமா, வேணும்னேதான். உள்ளத உள்ளபடி பிரிண்டு போட்டுக் குடுத்தேன். அவன் இந்தக் கவுண்டர்ல நின்னு ஒவ்வொண்ணாப் பாத்தான், ஒவ்வொண்ணாக் கிழிச்சான். நெகட்டிவும் குடுன்னான். எடுத்துக் குடுத்தேன். பிலிம எப்படி எரிக்கிறதுன்னு ஆபரேட்டருக்கா தெரியாது. அதனால கல்யாண நெகட்டிவ் கேக்காத, அதுவும் இல்ல.

ஏமாத்திட்டியேன்னு என்கிட்ட வந்து ஒரு வார்த்த கேப்பான்னு நெனச்சேன். கேக்கல. அம்புட்டையும் அவ தலையில கட்டிட்டான். அடிக்கல, உதைக்கல. நான் செஞ்ச படத்தப் பெரிசாப் பிரேம் போட்டு எதிர்ச் சுவத்துல மாட்டிட்டுச் சாப்புட உக்காருவானாம். அவ குனிஞ்சு பரிமாறுவா, இவன் அவ தலைக்கு மேல பாத்துக்கிட்டே சாப்புடுவான். வீட்டுக்கு வர்றவங்க படத்தக் காட்டி, இது உங்க தங்கச்சியா, எங்க கட்டிக் குடுத்திருக்குன்னு அவகிட்டயே கேப்பாங்களாம். இதெல்லாம் எனக்கு அவளேதான் சொன்னா.

வந்தாளே. அந்தச் சீட்டு பின்ன எங்க இருந்து வந்துச்சு? உன்னத் தூக்கிக்கிட்டு வந்தா, அவன் மத்தியானக் காட்சி ஓட்டுற நேரமாப் பாத்து. உனக்கு மூணு வயசு, மூக்கு ஒழுகிக்கிட்டு இருந்த. அப்பா வெளியூர் கல்யாணத்துக்குப் போயிருந்தாரு, கடையில நான் மட்டுந்தான். அக்கான்னு கூப்பிட்டா. அக்கா, நீங்க ரொம்ப அழகா வேல செய்வீங்க, ஆனா இந்த ஒரு தடவ கை வைக்காதீங்க. நான் எப்படி இருக்கேனோ அப்படியே எடுங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தப் புள்ள அந்தச் செவுத்துல இருக்கிறவளத்தான் அம்மான்னு நெனச்சுக்கும்.

சொன்னது அதேதான். ஒரு எழுத்து மாத்தல நான்.

கை வைக்காதீங்கன்னு என்னப் பாத்துச் சொல்றா. யாருகிட்ட? அவன் என்கிட்ட நல்லா இருக்குன்னு சொன்னதே இந்தக் கை ஒண்ணத்தான். அவ போயி அந்த வீட்டுல இருந்துட்டா, அவன் புள்ளையப் பெத்துட்டா, இப்ப வந்து அவ மூஞ்சியும் திருப்பி வேணுங்கிறா. அவனும் வேணும், மூஞ்சியும் வேணும்னா எப்படி?

உக்கார வெச்சேன். உன்ன மடியில வெச்சேன். நீ கதவப் பாத்துக்கிட்டு இருந்த, தாடையப் புடிச்சு இப்படித் திருப்பினேன்.

என்ன? உனக்கு ஞாபகம் இருக்கா? பெரிய வெளிச்சமும், தாடையில ஒரு கையுமா? உங்கம்மாவப் பத்தி உனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதானா. இத்தன வருஷம் அத உங்கம்மா கைன்னா நெனச்சுக்கிட்டு இருந்த? அவ ரெண்டு கையும் உன் இடுப்பச் சுத்திக் கட்டியிருந்துச்சு, நீ நழுவிடக் கூடாதுன்னு. தாடையில இருந்தது என் கை.

பெட்டியத் தொறக்க வேணாம்மா, எந்திரிக்காத. நாலாயிரத்து எழுநூத்திப் பன்னெண்டு எந்தப் பெட்டியிலயும் இல்ல. தொலைஞ்சு போகல. கெட்டும் போகல. நான் எடுக்கல. காலி லைட்டுதான் அடிச்சேன், அடிச்சுட்டு முடிஞ்சுதுன்னுட்டேன். சீட்ட எழுதிக் குடுத்து அடுத்த வாரம் வாடின்னு அனுப்பினேன். லைட்டு அடிச்சப்ப அவ சிரிச்சா. அதுக்கு முன்னாடி அவ சிரிச்சு நான் பாத்ததில்ல.

சாகடிக்கணும்னா செஞ்சேன்? வருவா, படம் சரியா விழலன்னு சொல்லணும், திரும்பவும் உக்கார வெக்கணும். ரெண்டு தடவ, மூணு தடவ அலைய விடணும். அம்புட்டுத்தான் மனசுல இருந்துச்சு. கடைசியில எடுத்தும் குடுத்திருப்பேனோ என்னவோ, இப்ப அத யாரு கண்டா. அந்த வாரமே அவளுக்கு மஞ்சக்காமாலை வந்து, பத்தே நாள்ல போயிட்டா. அது என் தப்பா? பெரிய படத்த வெச்சு எடுத்துட்டுப் போனாங்க. தெருவே அழுதுச்சு, எம்புட்டு அழகுன்னு. எனக்கு என் வேலையப் பாத்து யாரும் அம்புட்டு அழுததில்ல.

ஏன் சொன்னேனா? நீ சீட்டோட வந்தியே. அவன் வந்திருந்தா அவன்கிட்டச் சொல்லலாம்னுதான் நாப்பத்தஞ்சு வருஷம் வெச்சிருந்தேன். அவன் போயிட்டான். இனி யாருகிட்டச் சொல்ல.

திட்டு. திட்டிட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்லிக்க மாட்டேன்.

என்ன கேக்குற? சத்தமாக் கேளு. உன் மூஞ்சி அவ மூஞ்சி மாதிரி இருக்கான்னா?

ம். அதுக்குப் பதில் தெரிஞ்சது இந்த ஊர்ல இப்ப நான் ஒருத்திதான். நாலு நாளு தலைகீழா வெச்சுப் பாத்த மூஞ்சி. எந்தக் கண்ணுக்குக் கீழ குழி, எந்தக் கன்னத்துல அம்மைத் தழும்பு, அம்புட்டும் எனக்குத் தெரியும், பென்சில வெச்சு அத அடைச்சது நாந்தானே. சொல்ல மாட்டேன். அத மட்டும் கேக்காத. அவன்கிட்ட இருந்து எனக்கு வந்தது வேற ஒண்ணும் இல்ல, இது என்கிட்டயே இருக்கட்டும்.

படத்த வெச்சுட்டுப் போ. கன்னத்துக் கறைய எடுத்துத் தரேன், வியாழக்கிழம வா. மச்சம் கொஞ்சம் மங்கியிருக்கு, அதையும் அழுத்தி வெச்சுருவேன். வேணாமா? சரி, துணியச் சுத்தி எடுத்துட்டுப் போ. உன் இஷ்டம்.

இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? கையவா? ஆமா, நடுங்கல. நீ வந்ததுல இருந்து மூணு முடி பிரஷ்ஷுல இமை வரைஞ்சுக்கிட்டு இருக்கேன், ஒரு கோடு பிசகல. இந்தக் கை என்னிக்கும் நடுங்கினது இல்ல. அப்ப நீ வாசல்ல வந்து நின்னதும் கிண்ணம் ஏன் விழுந்துச்சுன்னு கேப்ப. கதவச் சாத்திட்டுப் போ, வெயில் வருது.